நெல்லை போறப்ப மட்டும் விசிலடிச்ச கார்: ஒரு காத்து சத்தத்தை தேடிப் பிடிச்ச பதிவு

வண்டி 2004 மாடல் பெட்ரோல் செடான், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. கம்பெனி பேரு வேண்டாம், இருபது வருஷம் வெயில்ல காஞ்ச ரப்பருக்கு எந்த கம்பெனிய போயி கேக்குறது. இஞ்சின் நல்லா இருக்கு, ஏசி குளிருது, சஸ்பென்ஷன் வேலையும் பாத்தாச்சு. குறை ஒண்ணே ஒண்ணுதான், 70 தாண்டினா டிரைவர் காதுக்கு பக்கத்துல "உய்ய்ய்ய்"னு ஒரு விசில். ஊருக்குள்ள ஓட்டுற வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது, ஹைவே ஏறினா ஆரம்பிக்கும், பாட்டை சத்தமா வச்சா அதையும் தாண்டி கேக்கும், ரொம்ப மெல்லிசான சத்தம்தான் ஆனா எந்த பாட்டோடயும் ஒட்டாது, ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கினா தலை கனத்துப் போயிருக்கும்.

இதுல பெரிய குழப்பம் என்னன்னா நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி போகும்போது கத்தும், திரும்பி வரும்போது அதே ரோடு, அதே ஸ்பீடு, அதே ஆளு ஓட்டுறான், விசில் இருந்தும் இல்லாத கணக்குதான். மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட சொன்னேன், "வண்டிக்கு நெல்லை போக இஷ்டம் இல்ல போலுக்கு"ன்னு சிரிச்சாரு. அவரு எடுத்துட்டுப் போயி ஓட்டிப் பாத்தது வடசேரி டிராஃபிக்ல 40ல, அதுல எங்க கேக்கும். "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே ஓடுது"ன்னு சாவிய குடுத்துட்டாரு. சரி நாமளே பாப்போம்னு இறங்கினதுதான் இது.

முதல்ல இது காத்து சத்தம்தானான்னு உறுதி பண்ணிக்கணும். இதை பண்ணாம நேரா பேரிங் மாத்தி டயர் மாத்தி காசை கரைச்ச ஆளுங்க எனக்கு தெரிஞ்சே இருக்காங்க. டயர் சத்தம்னா ரோடு மாறினா மாறும், சிமெண்ட் ரோட்டுல இருந்து தார் ரோட்டுக்கு இறங்கின உடனே வேற மாதிரி ஆயிடும். வீல் பேரிங் சத்தம் விசிலா வராது, "ஊஊம்"னு அடியில இருந்து வரும், ஸ்டியரிங்க லேசா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பி வண்டி எடை சாயும்போது கூடிக் குறையும். பெல்ட்டு, ஆல்டர்னேட்டர் எல்லாம் இஞ்சின் ஆர்பிஎம் கூட ஏறி இறங்கும். அதனால ரோடு காலியா இருந்தப்ப 80ல நாலாவது கியர், அதே 80ல அஞ்சாவது கியர், ஆர்பிஎம் மாறுது விசில் மாறல. கிளட்ச மிதிச்சு இஞ்சினை ஐடிலுக்கு விட்டேன், அப்பவும் விசில் இருக்கு, ஸ்பீடு இறங்கி 65 பக்கம் வந்ததும் டப்புனு நின்னுச்சு. வீட்டு வாசல்ல நிறுத்தி 3000 ஆர்பிஎம் வரைக்கும் ரேஸ் குடுத்தா ஒண்ணும் இல்ல. அப்ப காத்துதான். ஒரு விஷயம், இதை பண்றேன்னு ஓடும்போது சாவிய திருப்பி இஞ்சினை ஆஃப் பண்ணிடாதீங்க, பவர் ஸ்டியரிங் போகும், பிரேக் பூஸ்டரும் ரெண்டு மிதிக்கு மேல இருக்காது.

காத்து சத்தத்துலயே வகை இருக்கு, எந்த வகைன்னு தெரிஞ்சா தேடுற இடம் பாதியா குறையும். வண்டி உருவத்துல காத்து மோதி வர்ற "ஷ்ஷ்ஷ்" எல்லா கார்லயும் உண்டு, ஏ பில்லர் (முன் கண்ணாடிக்கும் முன் கதவுக்கும் நடுவுல நிக்கிற கம்பம்), மிரர், வைப்பர் இதெல்லாம் காத்தை கிழிக்குற இடம், அதை குறைக்கலாம் ஒழிக்க முடியாது. பின் கண்ணாடிய மட்டும் இறக்கினா காதை அடைச்சு அடைச்சு விடுமே அது வேற, உள்ள இருக்குற மொத்த காத்தும் ஒண்ணா அதிர்றது, செகண்டுக்கு இருபது தடவை பக்கத்துல, கேக்குறத விட காதுக்குள்ள அழுத்தமாத்தான் தெரியும். கதவு பீடிங் (கதவ சுத்தி ஓடுற ரப்பர்) வழியா காத்து கசிஞ்சா "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சீறல். விசில்ங்கிறது இதுல எல்லாம் குறிப்பான ஆளு, எங்கயோ ஒரு சின்ன இடுக்கு இருக்கணும், அந்த இடுக்குக்கு ஒரு கூரான ஓரம் இருக்கணும், அது வழியா காத்து வேகமா போகணும். இடுக்கு பெருசா இருந்தா விசில் வராது, சீறல்தான் வரும். அதனால பெரிய ஓட்டைய தேடக்கூடாது, நூல் கனத்துல இருக்குற சந்துகள தேடணும்.

இப்ப நெல்லை விஷயத்துக்கு வர்றேன், மொத்த விடையும் இதுலதான் ஒளிஞ்சிருந்துச்சு. எங்க பக்கம் ஓட்டுறவங்களுக்கு தெரியும், ஆரல்வாய்மொழி கணவாய் வழியா தென்மேற்கு பருவக்காத்து பிச்சிக்கிட்டு வரும், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் முப்பந்தல்ல பைக்ல போறவன் சாஞ்சுக்கிட்டுதான் போவான், சும்மாவா அங்க இத்தனை காத்தாடி நட்டு வச்சிருக்கான். காத்து மேற்கே இருந்து வருது. நாகர்கோவில்ல இருந்து ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு வரைக்கும் நாம கிழக்க பாத்து போறோம், காத்து முதுகுல. காவல்கிணறு தாண்டி பணகுடி, வள்ளியூர்னு வடக்க திரும்பினதும் அதே காத்து இடது பக்கத்துல இருந்து அடிக்குது. வரும்போது அப்படியே தலைகீழ், வள்ளியூர்ல இருந்து இறங்கும்போது வலது பக்கம், காவல்கிணறுக்கு அப்புறம் நேரா மூஞ்சியில.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, ஸ்பீடோமீட்டர்ல காட்டுற 80ம் வண்டி மேல அடிக்கிற காத்து வேகமும் ஒண்ணு இல்ல. முதுகுல 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா வண்டிக்கு அது 50தான், மூஞ்சியில அடிச்சா 110. காத்து சத்தம் வேகத்தோட நேர் கணக்குல ஏறாது, மிரர், பில்லர் மாதிரி சாமான்ல காத்து மோதி பிரியிற சத்தத்தோட சக்தி வேகத்தோட ஆறாவது அடுக்குல ஏறும், அதாவது 80ல இருந்து 100 போனாலே கிட்டத்தட்ட நாலு மடங்கு, டெசிபல்ல ஒரு 6. வேகம் ரெட்டிச்சா 18 டெசிபல். அதனாலதான் "80ல ஒண்ணுமே இல்ல 95ல தாங்கல"ன்னு எல்லாரும் சொல்றது. 80 வச்சு ஓட்டினேன் சத்தம் இல்லன்னு நீங்க சொன்னா அன்னைக்கு காத்து எந்தப்பக்கம்னு நான் கேப்பேன்.

ரெண்டாவது, பக்கவாட்டுக் காத்துல எந்தப்பக்கம் அதிகமா சத்தம் வரும்னு நினைக்கிறீங்க? காத்து வந்து மோதுற பக்கம்னுதான் நானும் நினைச்சிருந்தேன், அப்படி இல்ல. காத்துக்கு மறைவா இருக்குற பக்கத்துலதான் ஏ பில்லர தாண்டி வர்ற சுழல் பெருசாகுது, அங்க வெளிய அழுத்தம் நல்லா குறையுது, கண்ணாடி மேல அந்த சுழல் உருண்டுக்கிட்டே போகுது. இடது பக்கம் காத்து அடிச்சா மறைவு பக்கம் வலது, அதாவது டிரைவர் பக்கம். நெல்லை போகும்போது பணகுடி பக்கம் வலது காதுல கத்துறதும், வரும்போது அதே இடத்துல அடங்கிப்போறதும் இப்ப கணக்குக்கு வந்துடுச்சு. பிரச்சனை வலது பக்கம் முன்னாடி, பில்லர் மிரர் கதவு முனை இந்த மூணுக்குள்ள. வண்டிய தொடாமலே இவ்வளவு தெரிஞ்சுச்சு, முப்பந்தலுக்கு ஒரு நன்றி.

முதல்ல கழட்டினது டோர் வைசர். மழைக்கு கண்ணாடிய லேசா இறக்கி வைக்கலாம்னு நம்ம ஊர்ல நாலு கதவுலயும் ஒட்டுவாங்களே, கருப்பு பிளாஸ்டிக்கு, அதேதான். பழைய ஓனர் ஒட்டினது, டேப்பு வெயில்ல செத்துப்போயி முன் முனை தூக்கிக்கிட்டு நின்னுச்சு. ஹேர் டிரையர்ல சூடு காட்டி, மீன் பிடிக்கிற நைலான் நூல உள்ள குடுத்து அறுத்து எடுத்தேன், பெயிண்டு ஒண்ணும் ஆகல. ஓட்டிப் பாத்தா மொத்த இரைச்சல் நல்லாவே குறைஞ்சிருக்கு, ஆனா விசில் இப்ப முன்னைய விட தெளிவா கேக்குது! அது கூடல, அதை மூடி வச்சிருந்த இரைச்சல் போயிடுச்சு, அவ்வளவுதான். காத்து சத்த வேலையில இது எப்பவும் நடக்கும், பெருசு போனா அதுக்கு பின்னால நின்ன சின்னது முன்னாடி வரும், அதுக்காக பண்ணின வேலை தப்புன்னு திரும்ப ஒட்டிடக்கூடாது.

அடுத்து ஆன்டெனா. நம்ம வண்டியில வலது பில்லர்ல இழுக்குற ஆன்டெனா. ஒரு மெல்லிசான கம்பிக்கு குறுக்க காத்து போனா கம்பிக்கு பின்னால சுழல் மாறி மாறி பிரியும், அது ஒரு சுரமா கேக்கும். கணக்கு சிம்பிள்தான், காத்து வேகத்த கம்பி கனத்தால வகுத்து 0.2ஆல பெருக்கினா எத்தனை ஹெர்ட்ஸ்னு வரும். 80 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 22 மீட்டர் சொச்சம், கம்பி 3 மில்லிமீட்டர்னா 1480 ஹெர்ட்ஸ். சில கார்ல கூரை ஆன்டெனா மேல ஸ்பிரிங் சுத்தின கணக்கா ஒரு கம்பி ஓடும் பாத்திருப்பீங்க, அழகுக்கு இல்ல, அந்த சுழல் மொத்த நீளத்துக்கும் ஒரே சமயத்துல பிரியாம கலைச்சு விடுறதுக்கு. எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு காட்டுற ஸ்பெக்ட்ரம் ஆப் ஒண்ண போன்ல போட்டு மச்சினன் கையில குடுத்து பாக்கச் சொன்னேன், 2400 பக்கம் ஊசி மாதிரி ஒண்ணு நிக்குது, 1500 பக்கம் சின்னதா ஒரு மேடு. ஆன்டெனாவ உள்ள தள்ளிட்டு ஓட்டினா மேடு போச்சு, ஊசி நிக்குது. சரி, ஆன்டெனா இல்ல. எஃப்எம் கேக்காதப்ப உள்ள தள்ளி வச்சுக்கலாம்னு ஒரு லாபம்.

இந்த மச்சினன பத்தி சொல்லணும், அவன் இல்லாம இந்த வேலை ஆகாது. ஓட்டுறவன் காதை தீட்டிக்கிட்டு சத்தம் தேடக்கூடாது, ஹைவே அது. ஒரு ஆளு ஓட்டணும் ஒரு ஆளு தேடணும். "அத்தான், நீங்க சத்தத்த கேளுங்க, நான் ரோட்ட பாக்குறேன், ரெண்டு பேரும் சத்தத்த கேட்டா நேரா ஆஸ்பத்திரிதான்"னு அவனே சாவிய வாங்கிக்கிட்டான்.

வீட்டு வாசல்ல நிறுத்தி பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. வண்டி ஓடும்போது பில்லர் பக்கம் வெளிய அழுத்தம் குறைவு, உள்ள கூட, அதனால கசிவுன்னா பெரும்பாலும் காத்து வெளிய இருந்து உள்ள வர்றதில்ல, உள்ள இருந்து வெளிய உறிஞ்சப்படுது. அதே நிலைமைய நிக்கிற வண்டியில கொண்டு வரலாம். எல்லா கண்ணாடியும் ஏத்திட்டு, ஏசி செட்டிங்க வெளிக்காத்து எடுக்குற பக்கம் தள்ளி, புளோயர் ஃபுல் ஸ்பீடு. டிக்கிக்குள்ள ஓரத்துல பின் பம்பருக்கு உள்பக்கமா ரப்பர் மடல் வச்ச காத்து போக்கி இருக்கும், கதவ சாத்தும்போது அழுத்தம் வெளிய போறதுக்காக வச்சது, அதை தற்காலிகமா டேப் போட்டு மூடினா உள்ள அழுத்தம் இன்னும் நல்லா நிக்கும், டெஸ்ட் முடிஞ்சதும் மறக்காம எடுத்துடணும். இப்ப வெளிய நின்னு ஊதுபத்தி ஒண்ண கொளுத்தி கதவு ஓரம் முழுக்க மெதுவா காட்டிக்கிட்டே போகணும், ஃபேன் இல்லாத காத்தில்லாத நேரமா பாத்து, எங்களுக்கு அது விடியகாலைலதான் கிடைச்சுது. பக்கத்து வீட்டு ஆச்சி "புது வண்டியாப்பா, பூஜை போடுதியா"ன்னு கேட்டாங்க, ஆமா ஆச்சின்னுட்டேன், விளக்கம் சொன்னா நேரம் ஆகும்.

புகை நல்லா சிதறின இடம் இடது பின் கதவோட அடி மூலை, அவ்வளவு காத்து வருது. மச்சினன் "பிடிச்சாச்சு அத்தான்"னு குதிச்சான். ஆனா விசில் வலது பக்கம் முன்னாடி. கசிவு எவ்வளவு பெருசுங்கிறதும் சத்தம் எவ்வளவு பெருசுங்கிறதும் வேற வேற, பின் கதவு அடி மூலையில வெளிய காத்து அவ்வளவு வேகமா ஓடுறதில்ல, அங்க மழைத்தண்ணி வரலாம், விசில் வராது. வலது முன் கதவுல பாத்தா கதவு பீடிங் முழுக்க சுத்தமா இருக்கு, மிரர் உக்காந்திருக்குற முக்கோணத்துக்கு கீழ முனையில மட்டும் புகை லேசா ஒதுங்குது. லேசாத்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் ஒதுங்குது. உள்ள உக்காந்து அதே ஊதுபத்திய கதவு பேட் (கதவோட உள்பக்க மூடி) பக்கம் காட்டினப்ப ஒரு விசித்திரம், கதவுல இருக்குற ஸ்பீக்கர் கிரில்லுக்குள்ள புகை உறிஞ்சிக்கிட்டு போகுது. கதவுக்குள்ள ஏன் காத்து போகணும்? இதை அப்படியே மனசுல போட்டு வச்சுக்கிட்டோம். சீட் கவர் பக்கத்துல பத்திய கொண்டு போகாதீங்கன்னு தனியா சொல்ல வேண்டியதில்லன்னு நினைக்கிறேன்.

அடுத்த டெஸ்டுக்கு காசே வேண்டாம், பழைய வண்டி வச்சிருக்குற எல்லாரும் இன்னைக்கே பண்ணிப் பாக்கலாம். விசில் வந்துக்கிட்டு இருக்கும்போது எதிர்ப்பக்கம் பின் கண்ணாடிய ஒரு விரல் அளவு மட்டும் இறக்கணும். எங்களுக்கு இறக்கின அந்த நொடியே விசில் நின்னுச்சு, ஏத்தினதும் திரும்ப வந்துச்சு. புளோயர வெளிக்காத்துல வச்சு ஸ்பீடு கூட்டினா விசில் கூடுது, உள்காத்தையே சுத்த விடுற ரீசர்குலேஷன்ல போட்டா குறையுது. இதுக்கு அர்த்தம், விசிலுக்கு தேவையான காத்து உள்ள இருந்துதான் வருது, உள்ள அழுத்தம் இறங்கினா விசிலுக்கு தீனி இல்ல. வெளி சாமான்ல காத்து மோதி வர்ற விசில்னா, வைப்பர், ஆன்டெனா, கேரியர் இந்த மாதிரி, கண்ணாடிய எவ்வளவு இறக்கினாலும் அது பாட்டுக்கு வரும். இந்த ஒரு டெஸ்டுல பாதி சந்தேகம் தீர்ந்துடுது.

அப்புறம்தான் டேப். ரெண்டு இன்ச் மாஸ்கிங் டேப், பெயிண்டர்ங்க வாங்குறது, பிரவுன் பார்சல் டேப் வேண்டாம், வெயில்ல பசை அப்படியே பெயிண்டுல தங்கிடும். எல்லா சந்துலயும் ஒட்டினோம், ஃப்ரண்ட் கிளாஸ் சுத்தி, பானெட் பின் ஓரம், பில்லர், கதவு இடுக்கு, மிரர் அடி, முக்கோணம், கண்ணாடிக்கு கீழ ஓடுற வெளி பீடிங். கண்ணாடியும் மிரரும் மறையாம பாத்துக்கிட்டோம், ஏறி இறங்க இடது முன் கதவ மட்டும் விட்டோம். பணகுடி பக்கம் டீ குடிக்க நிறுத்தினப்ப கடைக்காரரு வண்டிய சுத்தி வந்து "எங்க இடிச்சீங்க"ன்னு விசாரிச்சாரு. டேப்போட ஓட்டினா விசில் சுத்தமா இல்ல. அப்ப ஒட்டின இடத்துலதான் எங்கயோ இருக்கு. இப்ப ஒவ்வொண்ணா உரிக்கணும், ஒரு இடத்த உரிச்சா ஓட்டிப் பாக்கணும், அவசரத்துல ரெண்டு இடத்த சேர்த்து உரிச்சா எதுன்னு தெரியாது. சர்வீஸ் ரோட்டுல நிறுத்தி உரிச்சு, ஏறி ஓட்டி, திரும்ப நிறுத்தி, ரொம்ப சலிப்பான வேலை, மச்சினன் முகம் தொங்கிப்போச்சு. ஃப்ரண்ட் கிளாஸ் இல்ல, பானெட் இல்ல, கதவு இடுக்கு இல்ல. மிரர் முக்கோணத்தோட முன் கீழ் முனைய உரிச்சதும் "உய்ய்ய்ய்". கட்டைவிரல் நகம் அளவு டேப்பு, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு தடவை உறுதி பண்ணிக்க கொத்தனாருங்க மட்டம் பாக்குற டியூப் இருக்குல்ல, அதுல ஒரு மீட்டர் வெட்டி வச்சிருந்தேன், தண்ணி இல்லாம. ஒரு முனைய காதுல வச்சுக்கிட்டு மறு முனைய வலது கதவு ஓரம் நகத்தினேன், பின் சீட்ல இருந்து கைய நீட்டி, மச்சினன் ஓட்டுறான். காதுக்கு நேரா கேக்குற மாதிரி இருந்தது எல்லாம் பொய், 2400 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளமே ஒரு சாண் கூட இல்ல, கண்ணாடியில பட்டு திரும்பி எங்கயோ இருந்து வர்றதா காட்டும். டியூப் முனைய முக்கோணத்து உள்பக்க மூடிகிட்ட கொண்டு போனதும் காதுக்குள்ளயே ஊதின மாதிரி ஆயிடுச்சு.

கழட்டுறது பெரிய வேலை இல்ல. மிரர் அட்ஜஸ்ட் பண்ற குச்சியோட குமிழ இழுத்தா வந்துடும், முக்கோண மூடி கிளிப்புல நிக்குது, ஸ்க்ரூ டிரைவர்ல துணி சுத்தி நெம்பணும், உள்ள மூணு ஸ்க்ரூ. கடைசி ஸ்க்ரூவ கழட்டும்போது வெளிய ஒரு ஆளு மிரர பிடிச்சுக்கணும், இல்லன்னா ரோட்டுல விழும். கழட்டி பாத்தா மிரர் அடியில சந்து விடாம அடைக்க இருக்க வேண்டிய ஃபோம் கேஸ்கெட்டே இல்ல. முந்தின ஓனர் எப்பவோ மிரர் உடைஞ்சு வெளி மார்க்கெட் மிரர் போட்டிருக்காரு, அதுல கேஸ்கெட் வரல, யாரும் கேக்கவும் இல்ல. தகரத்துக்கும் மிரர் அடிக்கும் நடுவுல முன் முனையில ஒண்ணரை மில்லிமீட்டர் சந்து, பின்னால ஒண்ணும் இல்லாம ஒட்டிக்கிட்டு. விசிலுக்கு இதைவிட வசதியா ஒரு இடம் செஞ்சு குடுக்க முடியாது.

இடது பக்க மிரர் ஒரிஜினல், கேஸ்கெட் இருந்துச்சு, அதை கழட்டி அட்டையில வரைஞ்சு வெட்டி, அட்டைய திருப்பிப் போட்டா வலது பக்கம் வந்துடுது. ஃபோம் விஷயத்துல கவனமா இருக்கணும், கோட்டாறு கடையில முதல்ல காட்டினது சாதா ஸ்பாஞ்சு, வாயில வச்சு ஊதினா காத்து அந்தப்பக்கம் வருது, அதை வச்சா காத்தும் போகும் மழைக்கு தண்ணியும் குடிச்சு உக்காந்திருக்கும், தகரம் துருப்பிடிக்கும். உள்ள இருக்குற சின்னச் சின்ன காத்து அறை எல்லாம் தனித்தனியா மூடின ஃபோம் வேணும், செருப்பு வேலைக்கு வர்ற ஈவிஏ ஷீட் 3 மில்லிமீட்டர்ல கிடைச்சுது, ஊதினா அசையாது. சிலிகான் அடிச்சு விட்டுடலாமேன்னு தோணும், அடிக்கிறதா இருந்தா வினிகர் வாசனை வர்ற சிலிகான் வேண்டாம், அது காயும்போது வர்ற அமிலம் தகரத்த அரிக்கும், நியூட்ரல்னு போட்டது வாங்கணும். நான் அடிக்கல, நாளைக்கு மிரர் கழட்டணும்னா நாமதான் சுரண்டணும்.

மாட்டிட்டு ஓட்டினா விசில் போச்சு, ஆப்ல 2400 ஊசி இல்ல. ஆனா கதவுல இருந்து ஒரு மெல்லிய சீறல் மிச்சம் இருந்துச்சு, மிரர்கிட்ட இல்ல, கண்ணாடிக்கு கீழ நீளமா. ஸ்பீக்கர் கிரில்லுக்குள்ள புகை போனது அப்பதான் திரும்ப ஞாபகம் வந்துச்சு.

கதவு பேட கழட்டினோம், கைப்பிடிக்கு பின்னால ஒரு ஸ்க்ரூ, ஆர்ம்ரெஸ்ட்ல ரெண்டு, சுத்தி கிளிப்பு, கிளிப்பு உடையும் அதனால முன்கூட்டியே கை நிறைய புது கிளிப்பு வாங்கி வச்சுக்கோங்க. பேடுக்கு பின்னால கதவு தகரத்துல இருக்குற பெரிய ஓட்டைகள மூடி ஒரு பாலிதீன் ஷீட் ஒட்டியிருக்கணும். இங்க ஷீட்டே இல்ல, கருப்பு பசை கோடு மட்டும் சுத்தி இருக்கு. பவர் விண்டோ மோட்டார் வேலை பாத்த யாரோ கிழிச்சு எறிஞ்சிருக்காங்க. நிறைய கேரேஜ்ல இந்த ஷீட்ட பேக்கிங் கவர்னு நினைச்சு கிழிக்கிறது வழக்கமாவே போச்சு. அது தண்ணிக்கு மட்டும் இல்ல, காத்துக்கும் அதுதான் சுவரு.

இப்ப மொத்த வழியும் தெரிஞ்சுடுச்சு. உள்ள இருக்குற காத்து ஸ்பீக்கர் கிரில், பேட் ஓரம் வழியா கதவு வயித்துக்குள்ள போகுது, ஷீட் இல்லாததால தடை இல்ல, அங்க இருந்து மேல ஏறி மிரர் சந்து வழியாவும் கண்ணாடி வெளி பீடிங் வழியாவும் வெளிய உறிஞ்சப்படுது. ஸ்ட்ராவோட அடி முனைய விரலால அடைச்சா மேல எவ்வளவு உறிஞ்சினாலும் ஒண்ணும் வராது இல்லையா, அதேதான், கசிவுக்கு ரெண்டு முனை வேணும். சத்தம் கேக்குறது வெளி முனையில, ஆனா உள் முனைய அடைச்சாலும் சத்தம் குறையும். வெறும் வெளி பீடிங்க மட்டும் மாத்திக்கிட்டே இருக்குறவங்களுக்கு சத்தம் முழுசா போகாததுக்கு இதுதான் காரணம்னு எனக்கு தோணுது.

ஹார்டுவேர் கடையில ரோலா விக்கிற கெட்டி பாலிதீன், ஒட்டுறதுக்கு பியூட்டைல் டேப், அது காயாம எப்பவும் பிசுபிசுன்னு இருக்கும், திரும்ப உரிச்சு ஒட்டலாம். பழைய பசைய மண்ணெண்ணெய் துணியில துடைச்சு, அப்புறம் சோப்புத்தண்ணி. ஷீட்டோட அடி ஓரத்த கதவுக்குள்ள மடிச்சு விடணும், அதுதான் முக்கியம், கண்ணாடில வழியிற தண்ணி ஷீட்ல பட்டு கதவுக்குள்ளயே விழுந்து அடியில இருக்குற ஓட்டை வழியா வெளிய போகணும், வெளிய மடிச்சா தண்ணி நேரா உள்ள ஃப்ளோர் மேட்டுக்கு வரும். அடி ஓட்டைகள காத்து கசிவுன்னு நினைச்சு அடைச்சுடாதீங்க, கதவு ஒரே மழைக்காலத்துல துருப்பிடிச்சுடும், ஒரு கேபிள் டை விட்டு குத்தி சுத்தம் பண்ணி விடுங்க.

எதிர்பாக்காத லாபம், ஸ்பீக்கர்ல பேஸ் வந்துடுச்சு! ஸ்பீக்கரோட முன்பக்க சத்தமும் பின்பக்க சத்தமும் கதவு ஓட்டை வழியா கலந்து ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கிட்டு இருந்திருக்கு, ஷீட் நடுவுல சுவர் போட்டதும் பிரிஞ்சுடுச்சு. மச்சினன் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தான், வாயை மூடிக்கிட்டான்.

கூடவே பண்ணின சில்லறை வேலைகள். கதவு பீடிங்கோட பிடிப்ப பாக்க ஒரு பத்து ரூவா நோட்ட வச்சு கதவ சாத்தி இழுத்துப் பாத்தேன், சுத்தி எல்லா இடத்துலயும் ஒரே இறுக்கமா வரணும், வலது முன் கதவுல மேல் பின் மூலையில சும்மா உருவிக்கிட்டு வந்துச்சு. பில்லர்ல கதவு பூட்டு மாட்டுற ஸ்டிரைக்கர சுத்தி மார்க்கர்ல கோடு போட்டுட்டு, லூஸ் பண்ணி ஒரு மில்லிமீட்டர் உள்ள தள்ளி டைட் பண்ணினேன், நோட்டு இப்ப பிடிக்குது. ரொம்ப உள்ள தள்ளினா கதவ அறைஞ்சு சாத்த வேண்டி வரும், பூட்டும் சீக்கிரம் தேயும். பீடிங்க ஈரத்துணியில துடைச்சு சிலிகான் ஸ்பிரே துணியில அடிச்சு தடவினேன். கிரீஸ், பழைய இஞ்சின் ஆயில் தடவுறவங்க இருக்காங்க, கதவு பீடிங் ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலியம் எண்ணெய் பட்டா உப்பி கொழகொழத்துடும். பீடிங் குழாய்ல ஆங்காங்க சின்ன ஓட்டை இருக்கும், கதவு சாத்தும்போது அதுக்குள்ள இருக்குற காத்து வெளிய போறதுக்கு வச்சது, கிழிசல்னு நினைச்சு ஒட்டிடாதீங்க.

இப்போதைக்கு நிலவரம், 80ல ஜன்னல் ஏத்தி பேசினா பின் சீட்டுக்கு கேக்குது, 100ல "ஷ்ஷ்ஷ்" இருக்கத்தான் செய்யுது, அது அந்த வண்டி உருவத்தோட சத்தம். டெசிபல் எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேக்குறவங்களுக்கு, போன் மைக் காட்டுற நம்பர நான் போட மாட்டேன், அது சரிபாத்த மீட்டர் இல்ல, அதே போன அதே இடத்துல வச்சு முன்ன பின்ன ஒப்பிட மட்டும்தான் ஆகும். ஒப்பிடுறதா இருந்தா ஒரே திசையில, காத்து ஒரே மாதிரி அடிக்கிற நேரத்துல ஓட்டணும், அதுக்கு எங்க ரோடு சரிப்பட்டு வராது.

இடது பின் கதவு அடி மூலை பீடிங் இன்னும் மாத்தல. புது பீடிங் இந்த மாடலுக்கு வர்றதில்லைன்னு சொல்லிட்டாங்க, சென்னையில இருக்குற ஒரு பழக்கமான பையன புதுப்பேட்டையில பாக்கச் சொல்லியிருக்கேன், உடைக்க வந்த வண்டியில வெயில் படாத பின் கதவு பீடிங் கிடைச்சா பஸ்ல போட்டு விடச் சொல்லியிருக்கேன். ஐப்பசி மழைக்கு முன்னாடி வந்துட்டா நல்லது, வரலைன்னா அந்தப்பக்கம் மேட்டை தூக்கி காயவைக்கிற வேலை ஒண்ணு இருக்கு.